தீப்பெட்டி அளவுப் பெட்டி மாமாவின் மானம் காத்த வரலாறு

நடுக்கடலில் அடுப்பு மூட்டி ஐம்பது பேருக்குச் சோறு போடும் மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் வாலு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் வர அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், நலம்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். மறுப்பு இருந்தால் தெரிவிக்கவும். காகிதத்தில் எழுதுகிறாளே, திருந்திவிட்டாளோ என்று பயப்பட வேண்டாம். என் கைபேசி அப்பாவின் கண்ணாடிக் கடையில், மேசை டிராயருக்குள் சிறையிருக்கிறது. காரணம் ரொம்பச் சின்னது. கண் பரிசோதிக்கும் பலகையின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'இதைப் படிக்க முடிந்தவர்களுக்குக் கண்ணாடி தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று ஒரு வரி அச்சடித்து ஒட்டியிருந்தேன். ஒருவர் படித்தார். எழுந்து போய்விட்டார். நேர்மையான மனிதர்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் முன்னால் கப்பல் ஏறும்போது, "பத்திரமா பாத்துக்க" என்று சொல்லி எங்கள் கூடத்தில் நிறுத்திவிட்டுப் போனீர்களே, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், கூடவே ஓர் ஆம்ப்ளிஃபயர், அவற்றுக்குப் போன சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாடு கடத்தல் உத்தரவு போடப்பட்டிருந்தது. முதல் வருஷம் நன்றாகத்தான் பாடின. பிறகு என்ன வந்ததோ, இரண்டு வருஷமாக யார் பாடினாலும் கிணற்றுக்குள் விழுந்தவர் உதவி கேட்பது போலவே ஒலிக்கிறது. மேளம் இருக்கிறது, பின்னணி இருக்கிறது, பாடுகிறவரை மட்டும் காணவில்லை. இணையத்தில் பாட்டு வரும் பழைய லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரை அம்மா தினமும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். அது எப்போதும் போலக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அது அதன் சுபாவம் என்று விட்டுவிடுவாள். அப்பாவோ உங்களைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று, "மாப்பிள்ளை மாதிரியேதான் அவரு ஸ்பீக்கரும். உருவம் பெருசு, உள்ளேருந்து ஒண்ணும் வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் அம்மாவுக்கு எவ்வளவு வருத்தம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கேட்ட பாட்டுகளை அவள் இப்போது போடுவதே இல்லை. போட்டால் நீங்களும் கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கிறதாம்.

இந்த நிலையில்தான் அடுத்த தெரு உடற்பயிற்சிக் கூடத்து அண்ணன், கிணற்றுக்குள்ளிருந்து கேட்டால் கேட்கட்டும், இரும்பு தூக்குகிறவனுக்குச் சத்தம்தானே முக்கியம், சங்கீதமா முக்கியம் என்று ஸ்பீக்கர்களைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். காலியாகும் இடத்தில் செருப்பு அலமாரி வைப்பதாக அப்பா அளவெடுத்தும் விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. நீங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது என்னிடம். உடனே, செருப்பு வாங்கச் சொல்லி அம்மா கொடுத்திருந்த பணத்தில் ஒரு டாக் வாங்கிவிட்டேன். அலமாரியில் வைக்க ஒரு செருப்பும் குறைந்தது, பாருங்கள்.

வீட்டில் சொன்னதும் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "டாக்கா? இங்க உன்னையே வளர்க்க முடியல" என்றாள். நாய் இல்லை அம்மா, டி-ஏ-சி, DAC என்று விளக்க வேண்டியதாயிற்று. தீப்பெட்டி அளவுப் பெட்டி. இணையத்தில் பாட்டு வெறும் எண்களாகத்தான் வருகிறது. அந்த எண்களைச் சத்தமாக மாற்றும் வேலையை லேப்டாப்புக்குள் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சில்லு, ஆயிரம் வேலைக்கு நடுவே வேண்டாவெறுப்பாகச் செய்கிறது. இந்தப் பெட்டி வெளியே உட்கார்ந்து அந்த ஒரே வேலையைச் சிரத்தையாகச் செய்கிறது. விலையும் அப்பா கடையில் வாங்கும் மிக மலிவான ஃபிரேமைவிடக் குறைவு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அப்பா, "காதுல பூ சுத்துற" என்றார். பலகையில் வரி ஒட்டியவள் என்ன சொன்னாலும் அம்பலம் ஏறாது என்று எனக்கும் தெரியும். ஆகவே, நீங்களே பரிசோதனை செய்து பாருங்கள், வித்தியாசம் இல்லாவிட்டால் நானே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்றேன். பரிசோதனை என்றதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. கடை ஞாபகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை நாலரை மணி. கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் அம்மா, கண்ணில் துப்பட்டா கட்டி. நீதிபதியாக அம்மாவை விட்டால் ஆளில்லை. டாக்சி கம்பெனியில் நாள் முழுக்கக் காதில் கருவி மாட்டிக்கொண்டு, மழை, ஹாரன், குழந்தை அழுகை எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து வீட்டு எண்ணை மட்டும் பொறுக்கி எடுக்கிறவள். அடுக்களையில் நின்றுகொண்டே மாடியில் நான் பிஸ்கட் டப்பா திறப்பதைக் கேட்கிறவள். பெட்டியின் வயரைச் செருகினால் பாட்டு பெட்டி வழியாக வரும். பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருப்பினால், லேப்டாப்பில் பழைய வயர் துருத்தி நிற்கும் அந்தப் பழைய ஓட்டை வழியாக வரும். அந்த வேலையை அப்பா தன் கையாலேயே செய்தார். என்னை இரண்டு கையும் தெரியும்படி சுவரோரமாக நிறுத்தினார். பிறகு தொழில் பழக்கத்தில், "முதல்ல இடது காதை மூடிக்க" என்றார். அம்மாவும் மூடிக்கொண்டாள். எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதே பாட்டு, அதே கேள்வி. ஒன்று. இரண்டு. எது தெளிவு?

முதல் சுற்று, முதலில் கிணறு. அடுத்ததாகப் பெட்டி. மாமா, பாடகி கிணற்றிலிருந்து ஏறி, கூடத்துக்கு நடந்து வந்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மா காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ரெண்டாவதுதாங்க. பாடுறவங்களுக்கு லேசா சளி இருக்கு. பின்னால யாரோ நாற்காலியை நகர்த்துறாங்க" என்றாள். அப்பா குறித்துக்கொண்டார். இரண்டாவது சரி, மூன்றாவது சரி. நாலாவது சுற்றில் அப்பா தன் கடைத் தந்திரத்தை எடுத்தார். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்களைப் பிடிக்க, ஒரே லென்ஸை இரண்டு தடவை போட்டுக் காட்டி எது தெளிவு என்று கேட்பார், தெரியுமில்லையா? அதே மாதிரி வயரைத் தொட்டுச் சத்தம் மட்டும் உண்டாக்கிவிட்டு, பழைய ஓட்டையிலேயே இரண்டு முறையும் ஓடவிட்டார். வாசலில் உடற்பயிற்சி அண்ணன் வேறு தள்ளுவண்டியோடு வந்து நின்றுவிட்டார். அம்மா தலையைச் சாய்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். பிறகு, "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் கிணறுதான். என்கிட்டயே உங்க கடை வேலையா?" என்றாள்.

எட்டுக்கு எட்டு, மாமா. அப்பா குறிப்புத் தாளை இரண்டு தடவை எண்ணினார். அப்புறம் அம்மாவை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காதை மூடிக் கேட்டார், வலது காதை மூடிக் கேட்டார், கடைசியில் இரண்டையும் திறந்துவைத்து முழுப் பாட்டையும் கேட்டார். வாசலில் நின்ற அண்ணன் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, இதே பாட்டை இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்டார். பாட்டு முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னதை, கோர்ட்டில் தாக்கல் செய்வது போல ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்: "மாப்பிள்ளை ஸ்பீக்கர் மேல தப்பு இல்ல."

தள்ளுவண்டி காலியாகத் திரும்பிப் போனது. செருப்புகள் வழக்கம் போலத் தரையில் கிடக்கின்றன. அம்மா அன்று மாலை உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் யாருக்குச் சளி என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நம்ம பொண்ணு கண்டுபிடிச்சது" என்று பெட்டியைக் காட்டினார். நம்ம பொண்ணு. பலகைச் சம்பவத்துக்குப் பிறகு 'இவ' என்று மட்டுமே அழைக்கப்பட்டு வந்தவள் நான். கைபேசிக்கும் வரும் திங்கட்கிழமை விடுதலை.

கேப்டனுக்கு என் வணக்கம். அலைகளுக்கு என் அன்பு. நீங்கள் கிண்டும் பாத்திரம் என்றும் அடிபிடிக்காமல், கப்பல் என்றும் தரைதட்டாமல் இருக்க வாழ்த்துகிறேன். சீக்கிரம் வாருங்கள், உங்கள் நாற்காலி ஸ்பீக்கருக்கு எதிரிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத உங்கள் அக்கா மகள்,
வாலு

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அந்தப் பழைய ஓட்டை ஏன் அவ்வளவு மோசம் என்று பார்க்க, அப்பாவின் சின்ன டார்ச்சை அடித்தேன். உள்ளே ஏதோ தெரிந்தது. ஃபிரேம் ஆணி எடுக்கும் சாமணத்தால் இழுத்தேன். அரைத் தீக்குச்சி வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் என் பரீட்சை நேரத்தில் அப்பா தினமும் இந்த ஸ்பீக்கரில் செய்தி விவாதத்தை அலறவிட்டபோது, நான்தான் சொருகினேன். சொருகினதையே மறந்துவிட்டேன். இப்போது பழைய வயரை மாட்டிப் பார்த்தேன். முழுசாக உள்ளே போனது. சளி கேட்கிறது. நாற்காலி நகர்கிறது. சத்தியமாகச் சொன்னால் பெட்டி வழியாகக் கேட்கும்போது பின்னால் வரும் 'உஸ்' இல்லை, அவ்வளவுதான், ஒரு மயிரிழை. மயிரிழைக்கு எந்த அப்பா 'நம்ம பொண்ணு' என்பார்? காலையில் மூன்று வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பெட்டியைச் சிபாரிசு வேறு செய்திருக்கிறார். யோசித்தேன். இருந்த இடத்திலேயே குச்சியைத் திரும்பச் சொருகிவிட்டேன், இந்தத் தடவை கொஞ்சம் ஆழமாக. படித்ததும் இந்தத் தாளை உங்கள் அடுப்பில் போட்டுவிடுங்கள். பற்றவைக்கத் தீக்குச்சி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இருந்த ஒன்றும் வேலையில் இருக்கிறது.