சிக்னல் சித்தரும் மூன்றாவது மாடிப் பேயும்

சந்தாபுராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதன் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கிய வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. நின்றவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரூட்டர். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வருவதுபோல் சிலர் அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார்கள். ரோட்டில் நின்ற ஒருவர் குடை வேறு பிடித்திருந்தார். குடை ரூட்டருக்கு, அவர் வழுக்கைத் தலைக்கு வெயில்.

உள்ளே, பட்டுத்துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியில் சிக்னல் சித்தர் வீற்றிருந்தார். காவி வேட்டி. கழுத்தில் ருத்திராட்ச மாலை, அதோடு பின்னிய நீல நிற நெட் வயர். தலைக்குமேல் பேனர்: ‘நெட் வரவில்லையா? குற்றம் கம்பெனியில் இல்லை, கண் திருஷ்டியில்!’

“தென்மேற்கு மூலையில ரூட்டர் வச்சா ராகு டேட்டாவைத் தின்பான்” என்றார் சித்தர். “மாசம் முடியறதுக்குள்ள டேட்டா தீர்ந்து போகுதே, யார் தின்னான்னு நினைக்கிற?”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விடிய விடிய படம் பார்த்த சொந்த மகனின் முகம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வரிசையில் பத்தொன்பதாவது ஆள் உத்தமன். பொம்மசந்திராவில் ஓர் இயந்திர பாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் “ரிஜெக்ட்” என்று தூக்கி வீசுகிறவர். நேற்றைக்குச் சரியாக இருந்த மெஷின் இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று நம்ப மாட்டார், அளந்து பார்ப்பார். அந்த அளவுகோலை மட்டும் அவர் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. தொழிற்சாலைச் சொத்தாயிற்றே!

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. மனுஷன் பயந்து போயிருந்தார். தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்று நாலு மாதம். மனைவி சுனிதாவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. சுனிதா வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். காதில் ஹெட்போன், முன்னால் லேப்டாப். எங்கோ ஊரில் உள்ளவர்கள் ‘நெட் வரலை’ என்று போனில் கத்துவார்கள். இவள் தமிழிலும் கன்னடத்திலும் பொறுமையாக வழி சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மதியம் நெட் செத்தது. போன் நெட்டில் அந்த வேலை ஓடாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நெட்டில் லாகின் செய்யாவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கேபிள் கம்பெனியில் லைன் பார்க்கும் மஞ்சுநாத் சனிக்கிழமை வந்தான். மொட்டை மாடிக்குப் போனான், வந்தான், உதட்டைப் பிதுக்கினான்.

“மேல எல்லாம் ஓகே இருக்குது சார். உங்க வீட்டுக்குள்ளதான் ஏதோ இருக்குது. சித்தரைப் பாருங்க. கீழ் வீட்டு சந்திரம்மாவைக் கேளுங்களேன்.”

சந்திரம்மாவைக் கேட்கத் தேவையே இல்லை. கேட்காமலே கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள். “நம்ம மனேல மூணு நாள் நெட் இல்லே உத்தமன். சாமி வந்தாரு, மந்திரம் சொன்னாரு, சங்கு ஊதினாரு, பட்டுனு வந்துடுச்சு. தேவ்ராணே!” கடவுள் மேல் சத்தியமாம்.

உத்தமனின் முறை வந்தது. சித்தர் ரூட்டரை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

“மூணாவது மாடியா?”

“ஆமா சாமி!” சொல்லாமலே தெரிந்துவிட்டதே என்று உத்தமனுக்கு உடம்பு புல்லரித்தது.

“இதுக்குள்ள ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. ஆசை தீராம செத்தவ. இன்னைக்கு விட்டா ரூட்டர்லேர்ந்து ஃப்ரிட்ஜுக்குப் போவா, ஃப்ரிட்ஜுலேர்ந்து உன் சம்சாரத்து மேல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வரேன். தட்சிணையைத் தாம்பாளத்துல வை, கையில குடுக்காதே.”

உத்தமன் ரூட்டரை அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். அணைப்பு கொஞ்சம் தளர்வாகவே இருந்தது. உள்ளே பெண் இருக்கிறாளே!

சுனிதா எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை. மூன்று நாளாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ரூட்டரைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. நான் எதை வச்சுப் பார்க்கிறது? குடுங்க இங்க.”

“தொடாதே சுனிதா! அவ உள்ள…”

“அவ உள்ள இருந்தா வாடகை குடுக்கட்டும்.”

ரூட்டரை மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தாள். லேப்டாப்பில் வைஃபை பெயர் தெரிந்தது. நெட் மட்டும் இல்லை. ஒரு சின்ன வயரை எடுத்து ரூட்டரையும் லேப்டாப்பையும் நேராக இணைத்தாள். ரூட்டரின் சொந்தப் பக்கம் திரையில் திறந்தது.

“பாருங்க. லேப்டாப் நல்லாருக்கு. ரூட்டரும் நல்லாருக்கு. ரெண்டும் பேசிக்குது. உங்க பொண்ணு இதுல இல்லை.”

பிறகு, மொட்டை மாடியிலிருந்து சன்னல் வழியாக வரும் நீல வயரை எடுத்தாள். ரூட்டரை ஒதுக்கிவிட்டு அதை நேரே லேப்டாப்பில் செருகினாள். ‘கேபிள் இணைக்கப்படவில்லை’ என்றது திரை.

“இணைச்சிருக்கியே?” என்றார் உத்தமன்.

“இந்த முனையை இணைச்சிருக்கேன். அந்த முனை?”

உத்தமன் சன்னல் வழியாக மேலே எட்டிப் பார்த்தார்.

“நெட் மெதுவா வந்தா கம்பெனி கோளாறுன்னு சொல்லலாம். இது அப்படி இல்லை. இந்த வயரோட அடுத்த முனை எதுலயும் மாட்டலை. மேல பெட்டிக்கு மஞ்சுநாத் பூட்டு போட்டிருக்கான். நான் நேத்தே பார்த்தேன். தொறக்கச் சொன்னா சாவி ஆபீஸ்ல இருக்குங்கறான்.”

“எலி கடிச்சிருக்கும்.”

“எலி கடிச்ச வயர் சங்கு ஊதினா ஒட்டிக்குமா? வியாழக்கிழமை சந்திரம்மா வீட்ல நானும் இருந்தேங்க. அரை மணி நேரம் மந்திரம் சொன்னார். ஒண்ணும் வரலை. எலுமிச்சம்பழம் நறுக்கினார். வரலை. சங்கு ஊதி பத்து எண்ணறதுக்குள்ள வந்துச்சு. மந்திரத்துக்குப் பயப்படாத பேய் சங்குக்கு மட்டும் ஏன் ஓடுது? உங்க கம்பெனில ஒரு மெஷின் இப்படிப் பண்ணா நீங்க என்ன செய்வீங்க?”

உத்தமன் நெற்றியைத் தேய்த்தார். “ஒவ்வொண்ணா மாத்திப் பார்ப்பேன். எதுனால ஆகுதுன்னு.”

“அதையே செய்வோம். மந்திரத்தை எடுத்துட்டுச் சங்கை மட்டும் வைப்போம்.”

“சாமி குத்தம் ஆயிட்டா?”

“நாளைக்கு ஒன்பது மணிக்கு வேலை போயிட்டா?”

ஐந்து மணிக்கு வீடு நிரம்பியது. வாசல், படிக்கட்டு, எதிர்வீட்டு நடை எல்லாம் தலைகள். சுனிதாவே போய் எல்லோரையும் அழைத்திருந்தாள். நடுக்கூடத்து மேசையில் லேப்டாப், அதில் செருகிய நீல வயர், திரை கூட்டத்தைப் பார்த்தபடி. பக்கத்தில் ரூட்டர் தன் இரண்டு கொம்பிலும் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு பலி ஆடு போல் நின்றது.

சித்தர் அமர்ந்தார். சங்கைத் தாம்பாளத்தில் வைத்தார். கண்ணை மூடினார்.

“ஓம்…”

சுனிதா கணவனைப் பார்த்தாள். உத்தமன் கையை நீட்டினார். முப்பது வருடமாகக் கும்பிட்டுப் பழகிய கை அது. சங்கைத் தொட ஒரு யுகம் ஆயிற்று. தொட்டதும் எடுத்துவிட்டார். வாயில் வைத்து ஊதினார். வந்த சத்தத்தைப் பெரிய மனிதர்கள் இருக்கும் சபையில் விவரிக்க முடியாது. ராத்திரி மொச்சைக்கொட்டை தின்றவன் பஸ்ஸில் விடுவது போன்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அபச்சாரம்!” என்று சித்தர் கண்ணைத் திறந்தார். “கீழ வை!”

உத்தமன் மூச்சை இழுத்து மறுபடி ஊதினார். இம்முறை சங்கு முழங்கியது. மூன்று மாடிக்கும் கேட்டது.

சுனிதா வாய்விட்டு எண்ணினாள். “ஒண்ணு… ரெண்டு… மூணு…”

ஏழாவது எண்ணில் வயர் செருகிய இடத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. ஒன்பதாவது எண்ணில் ‘இணைக்கப்பட்டது’ என்றது திரை.

கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது.

“சாமி,” என்றாள் சுனிதா, “நீங்க இன்னும் ‘ஓம்’ தாண்டலையே. பேய் ஏன் அவசரமாப் போச்சு? வேற வீட்ல வேலை இருக்கா?”

சித்தர் சாமர்த்தியக்காரர். கண நேரத்தில் சுதாரித்தார். “என் சங்கின் மகிமை! யார் ஊதினாலும் தீய சக்தி நிக்காது!”

“ஆஹா!” என்று இரண்டு மூன்று பேர் கைகூப்பியே விட்டார்கள்.

உத்தமன் கைகூப்பவில்லை. சங்கைக் கீழே வைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி மொட்டை மாடிக்கு ஓடினார். சந்திரம்மா பின்னால் ஓடினாள். அவள் பின்னால் பாதிக் குடியிருப்பு.

தண்ணீர்த் தொட்டி நிழலில் இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் முன் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் மஞ்சுநாத் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“என்னா பாவா, இவ்ளோ சீக்கிரமா ஊதிட்டே? பீடி பாதியில நிக்குது. இன்னைக்கு மந்திரம் சொல்லலியா?”

பாவா என்றால் அக்காள் புருஷன். சித்தருக்கு அப்படி ஓர் உறவு இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. உத்தமன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். பெட்டிக்குள் வரிசை வரிசையாக வயர்கள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. திங்கள் 104. செவ்வாய் 208. வியாழன் 301. அடுத்த வாரம் எந்தப் பேய் எந்த வீட்டுக்கு வருகிறது என்று முறையாக எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே, இந்த வாரப் பட்டியலில், சந்திரம்மாவின் வீட்டு எண்ணுக்கு நேரே ‘முடிந்தது’ என்று டிக்.

“நன் மனே நம்பர்!” என்று தன் வீட்டு எண்ணைக் காட்டி அலறினாள் சந்திரம்மா. பெயிண்ட் டப்பா உருண்டது. அதை எடுத்து அவள் மஞ்சுநாத்தின் முதுகில் போட்ட சத்தம் சங்கைவிடப் பலமாகக் கேட்டது.

அடிபட்ட வேகத்தில் அவன் எல்லாவற்றையும் கக்கினான். சித்தரின் பெயர் ரவி. இரண்டு வருடம் முன்பு வரை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் அருகே தள்ளுவண்டியில் செல்போன் கவர் விற்றவர். எத்தனையாவது மாடி என்று மைத்துனன் மஞ்சுநாத் முன்கூட்டியே சொல்லி அனுப்புவான். வயரைப் பிடுங்குவது, சங்கு கேட்டதும் மாட்டுவது; பேய் பிசாசு எல்லாம் அவ்வளவுதான்.

எல்லோரும் கீழே இறங்கி வந்தபோது சித்தர் இல்லை. கேட்டருகே காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவரை, குடை பிடித்த வழுக்கைத் தலைக்காரர் குடைக் கைப்பிடியால் கழுத்து வயரில் மாட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகு போலீஸ் வந்தது, கேபிள் கம்பெனி முதலாளி வந்தார், ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று மூன்று மொழியில் சொன்னார்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சுனிதா வேலையில் உட்கார்ந்தாள். உத்தமன் தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் அவள் பின்னால் சற்று நேரம் நின்றார்.

“எனக்கு நீ முதல்லயே சொன்னே. நான்தான்…”

“பஸ் போயிடும். கிளம்புங்க” என்றாள், திரும்பாமல். ஆனால் சிரித்தாள். நாலு நாளில் முதல் தடவை.

வாசலில் ஒருவர் ரூட்டரோடு காத்திருந்தார். நேற்றுச் சித்தருக்குக் கைகூப்பியவர். “அம்மா, அந்த ஆளு ஃபிராடு, சரி. ஆனா ஆனேக்கல் பக்கம் இன்னொருத்தர் இருக்காராம். அவர் உண்மையானவர்னு சொல்றாங்க. போகலாமா?”

போகலாம் ஐயா, தாராளமாகப் போகலாம். இரண்டு கையும் எந்நேரமும் கும்பிட்டுக்கொண்டே இருந்தால், வயரின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று இழுத்துப் பார்க்கக் கை ஏது?