பிழை விடப் பழகிய கௌரி

சொல்வதெழுதலில் எத்தனை பிழை விடலாம் என்று கௌரி யோசித்துக்கொண்டிருந்தாள். போன கிழமை பத்துச் சொல்லில் இரண்டு பிழைதான் விட்டாள். அதற்கு ஆசிரியை மேடம் மிரேய் எழும்பி நின்று கைதட்டிவிட்டார். இந்தக் கிழமை குறைந்தது ஏழு விட வேண்டும்.

பரிஸில், லா சப்பலிலுள்ள ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில்தான் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் அங்கே பிரெஞ்சு படிப்பிக்கிறார்கள். கௌரி புதிதாக வந்தவள் அல்ல. வந்து இருபத்திரண்டு வருடம். ரூ லூயி-பிளாங்கில் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை. விசாவுக்கோ வீட்டுக்கோ பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டுமென்றால், அந்தத் தெருத் தமிழர் அவளிடந்தான் வருவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கி அந்த வாசலில் நின்றாள். எண்பது வயது மேடம் மிரேய் அவளுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி கொடுத்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "நான்... மிரேய். நீங்கள்?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"கௌரி."

மேடம் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் வரவில்லை. திரும்பவும் சொன்னார். ஒன்பதாவது தரம் "கௌரி" என்று பிசகாமல் வந்தபோது அவருடைய கண்ணெல்லாம் சிரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரும் அவளுடைய பெயருக்காக இவ்வளவு பாடுபட்டதில்லை. அதற்குப் பிறகு, 'எனக்குப் பிரெஞ்சு தெரியும்' என்று எந்த வாயால் சொல்வது?

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர் தவரத்தினம். "பிரெஞ்சு தெரியாதது எனக்கு. நீர் போய்ப் படிக்கிறீர்!"

"அப்ப நீங்கள் வாங்கோவன்."

"சனிக்கிழமை நான் நித்திரை கொள்ள வேணும்."

பாடம் தொடங்குமுன் மேடம் கண்ணை மூடி, "தூரத்திலிருந்து வந்தவர்களைத் தனியே விட்டுவிடாதேயும், ஆண்டவரே" என்று செபிப்பார். கௌரியும் கும்பிடுவாள். பொய் சொல்வதற்காகப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இடம் அவருடையது என்பதால் யேசுவிடமும் கேட்டுக்கொள்வாள்.

வகுப்பில் அவளைத் தவிர ஐந்து பேர். பக்கத்துக் கதிரையில் நெட்டையான ரோமன். மூன்று வருடமாக வருகிறாராம். இன்னமும், "நான் ரோமன் இருக்கு" என்றுதான் சொல்வார். மேடம் முகம் கோணாமல் திருத்துவார். அடுத்த கிழமையும் ரோமன், 'இருக்கு' என்பார்.

ஏழு பிழையைப் பார்த்த மேடம் கைதட்டவில்லை. கவலைப்பட்டார். "வேலைக் களைப்பு, பாவம்" என்று கௌரிக்கு மட்டும் புதன்கிழமை தனி வகுப்பு வைத்தார்.

அதற்குப் போகாமலிருக்க, காய்ச்சல் என்று கௌரி செய்தி அனுப்பினாள். புதன் மாலை வீட்டு மணி அடித்தது. கையில் சூப்புப் பாத்திரத்தோடு, நாலு மாடி ஏறிய மூச்சிரைப்போடு மேடம் மிரேய் வாசலில் நின்றார்.

கதவைத் திறந்தவர் தவரத்தினம். அந்த நேரம் பார்த்து, உள் அறையில் கௌரி யாரோ ஒருவருடைய வதிவிட அட்டை விஷயமாக அதிகாரி ஒருவருடன் தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். வழுக்கிக்கொண்டு ஓடும் பிரெஞ்சு.

மேடம் காது கொடுத்துக் கேட்டார்.

"றேடியோ!" என்றார் தவரத்தினம்.

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. காய்ச்சலோடு படுத்துக்கொண்டும் றேடியோ கேட்டுப் படிக்கிறாளே! போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்த கௌரியைக் கட்டிப்பிடித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சபை முழுவதற்கும் முன்னால் அவள் பிரெஞ்சில் ஐந்து வசனம் பேச வேண்டும் என்றார்.

"நான்... பயம்... இருக்கு" என்றாள் கௌரி.

அப்போதுதான் மேடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மூன்று வருடத்தில் ஒருவர்கூடத் தேறவில்லையே என்று வகுப்பை மூடப் போகிறார்களாம். "அவர் போன பிறகு எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான், கௌரி" என்றார். கணவர் இறந்ததைத்தான் சொன்னார். பெயர் இப்போது முதல் தரத்திலேயே சரியாக வந்தது.

அவர் படியிறங்கிப் போனதும் தவரத்தினம் சூப்பைக் குடித்துப் பார்த்தார். "நல்ல மனிசி. உண்மையைச் சொல்லும்."

"சொன்னால் அந்த மனிசி உடைஞ்சு போடும்."

"சொல்லாட்டி?"

கௌரி சூப்புப் பாத்திரத்தை வாங்கி மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சேலை உடுத்துக்கொண்டு போனாள். வகுப்பினர் ஆறு பேரையும் ஓர் ஓரமாக வரிசையில் இருத்தியிருந்தார்கள். முன் வரிசை வாங்கில் மேடம் மிரேய், தான் எழுதிக் கொடுத்த ஐந்து வசனத்தையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தவரத்தினம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். தேவாலயத்தில் நின்று பொய் சொல்ல முடியாது என்று கௌரி முடிவெடுத்துவிட்டாள். முதலில் மன்னிப்பு, பிறகு உண்மை, பிறகு மேடத்தின் காலில் விழுவது.

பங்குத் தந்தை அவளுடைய பெயரைக் கூப்பிட்டார். எழும்பப் போனவள் திரும்பவும் இருந்துவிட்டாள். யாரிடமாவது ஒருதரம் சொல்லிப் பார்த்தால் தைரியம் வரும் போலிருந்தது. பக்கத்திலிருந்த ரோமனிடம் திரும்பி, பிழையில்லாத பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள்:

"மன்னியுங்கள், ரோமன். எனக்கு இருபது வருடமாகவே பிரெஞ்சு நன்றாகத் தெரியும். மேடத்தின் மனம் நோகுமே என்று நடித்துவிட்டேன். இப்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன்."

ரோமன் பதறிப்போய் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"தயவுசெய்து வேண்டாம், மேடம்," என்று அவர் மளமளவென்ற பரிஸ் பிரெஞ்சில் கிசுகிசுத்தார், "நான் பிறந்ததே இந்தத் தெருவில்தான், எங்கள் வகுப்புக்குப் பிரெஞ்சு தெரியாத ஒருவர் இன்னும் வந்து சேரவே இல்லை."