வாசலில் மூன்று ஜோடி

பொங்கலுக்குள் பின்கட்டில் குடியிருக்கும் வடக்கத்தியானைக் காலி பண்ணிவிடுவது என்று தெய்வசிகாமணி முடிவெடுத்தபோது அவர் வாயில் சப்பாத்தி இருந்தது. மென்றார். முடிவு உறுதியானது. இன்னும் மென்றார். சப்பாத்தியும் உறுதியாகத்தான் இருந்தது.

அறுபது வயதுவரை ராத்திரியில் சோறு தின்று நிமிர்ந்த உடம்பு அது. ஊரடங்கு சமயத்தில் ஊர் போக வழியில்லாமல், அரிசி மில்லில் மூட்டை தூக்கும் சுதாமும் அவன் பெண்டாட்டி மினதியும் பின்கட்டு அறைக்கு வாடகைக்கு வந்தார்கள். ஒடிசாவில் ஏதோ ஒரு ஊர். அவர்கள் வந்த மறுமாதமே அம்சவள்ளி ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, மினதியிடம் சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டதாகவும், கற்ற வித்தையை வீணாக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

தெய்வசிகாமணி பகையை மறக்கிற ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனவனை, பல வருஷம் கழித்து அவன் சாவுக்குப் போய் முறைத்துவிட்டு வந்தவர். பிறந்த ஊர்ப் பங்குக் கிணற்றில் இவர் முறைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்ட தம்பி கொளஞ்சியப்பனோடு பேச்சே கிடையாது. போன கோடையில் சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன டாக்டரோடும் பேச்சு கிடையாது. அப்படிப்பட்டவர் சோற்றில் கை வைத்தவனை விடுவாரா?

விட்டுத்தான் வைத்திருந்தார். அம்சவள்ளியிடம் அதைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. துணிச்சலை டீவி கொடுத்தது.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த மார்கழி. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வேறு சூடு பிடித்திருந்தது. சீரியலுக்கு நடுவில் ஒரு விளம்பரம் வர ஆரம்பித்தது. ஒரு நீண்ட ரோடு. தோளில் மூட்டையோடு ஒருத்தன் நடந்து வருகிறான். முகம் தெரியாது. எங்கோ நாலு தெரு தள்ளி எழவு மேளம் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு வீட்டு வாசல். அங்கே ஒரு ஜோடி செருப்பு. அப்புறம் இரண்டு. அப்புறம் வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே ஒரு குழந்தை வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறது. கதவு கிறீச்சென்று அசைகிறது. திறக்கிறதா மூடுகிறதா என்று பார்ப்பதற்குள் ஒரு கட்டைக்குரல் கேட்கும்: "உள்ளே யார்? வெளியே யார்? நேரம் வந்துவிட்டது. யோசியுங்கள்."

அவ்வளவுதான். கட்சிப் பேர் இல்லை. சின்னம் இல்லை. அடுத்த நொடி ஒரு பெண் சிரித்துக்கொண்டே துணி துவைக்க வந்துவிடுவாள்.

முதல் தடவை பார்த்தபோது தெய்வசிகாமணிக்கு முதுகில் பல்லி ஊர்ந்தது. இரண்டாவது தடவை எழுந்து போய் வாசற்கதவைத் தாழ் போட்டார். வெளியே மாட்டிக்கொண்ட அம்சவள்ளி, தாழைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் தட்டினாள்.

கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் கண்ணாயிரம் டீக்கடையிலும் அதே பேச்சுதான். இட ஒதுக்கீடு கேட்டு மனுக் கொடுத்துவிட்டுக் கொடியோடு திரும்பிய பையன்கள், நம் பங்கை அடுத்தவன் தின்பதைத்தான் அது சொல்கிறது என்றார்கள். எதிர்ப்புறம் புதிதாக டீக்கடை போட்டிருக்கும் சேலத்துக்காரனைத்தான் சொல்கிறது என்றார் கண்ணாயிரம். கரியாலூரிலிருந்து தேனும் சாமையும் விற்க இறங்கி வந்திருந்த கரியன், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு டீயை ஊதினார்.

"மலையில அந்த வெளம்பரம் வந்தா பொம்பளைங்க டீவிய அமத்திடுறாங்க. கீழேருந்து ஏறி வந்து எடம் வளைச்சவங்களத்தான் சொல்லுதுன்னு பேசிக்கிறோம்" என்றார். பிறகு கடையில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தார். "அதாவது உங்கள."

ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டார்கள். மூலையில் இருந்த ஒருத்தன் மட்டும் அது செருப்புக் கம்பெனி விளம்பரம் என்றான். அன்றைக்கு அந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கியவன் அவன் ஒருத்தன்தான்.

தெய்வசிகாமணி மெல்லக் கேட்டார். "ஏம்பா கண்ணாயிரம், இதுக்கு அப்பறம் இன்னா ஆவும்?"

"எலெக்சன் முடிஞ்சதும் வூடு வூடா வந்து வாசல்ல கெடக்கற செருப்ப எண்ணுவாங்களாம். வூட்டாளுங்களுக்கு மேல ஜாஸ்தி இருந்தா, வூட்டுக்காரன்தான் பதில் சொல்லணுமாம்."

"யாரு வருவாங்க?"

கண்ணாயிரம் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னார். "வர்றவங்க."

பேர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். போலீஸ் என்றால் போலீஸ். தாசில்தார் என்றால் தாசில்தார். 'வர்றவங்க' என்றால் யாரிடம் போய்க் கெஞ்சுவது? வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, வாசலில் கிடந்த சுதாமின் செருப்பை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய்க் கோழிக்கூடைக்குள் தள்ளிவிட்டார். மினதியின் செருப்பையும் தள்ளினார்.

விடிந்ததும் அம்சவள்ளி கூடையைத் தூக்கினாள். முதலில் சேவல் வந்தது. பிறகு கோழிகள் வந்தன. கடைசியில் செருப்பு வந்தது, எச்சத்தோடு.

"இன்னாங்க இது? கோழி இப்ப செருப்பா முட்டை வுடுது?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"அந்தப் புள்ள மில்லுக்கு வெறுங்கால்ல போயிருக்குது. நெருஞ்சி முள்ளு. நெசத்தச் சொல்லுங்க."

அவர் சொன்னார். விளம்பரத்தைச் சொன்னார். எண்ண வருகிறவர்களைச் சொன்னார். சப்பாத்தியைச் சொல்லவில்லை. வெளியூர்க்காரனை வீட்டில் வைத்திருந்தால் நாளைக்கு நம் வாசலையே பூட்டிவிடுவார்கள், வயசான காலத்தில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்று சொல்லும்போது அதை அவரே நிஜமாக நம்பத் தொடங்கியிருந்தார்.

அம்சவள்ளி செருப்பைக் கழுவி வெயிலில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றது ஞாயம்தான்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் காதில் விழாத வார்த்தை அது. அந்த இடத்திலேயே அவர் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மார்பை நிமிர்த்தினார்.

"ஞாயித்துக்கெழம மாசித் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் இருக்குதில்ல? அங்க எழுந்து பேசுங்க. வெளியாள வூட்ல வச்சிக்கினு இருக்கக் கூடாதுன்னு ஊரே முடிவு பண்ணட்டும். நாம சொன்னா பொல்லாப்பு. ஊரு சொன்னா ஞாயம்."

வெள்ளை வேட்டியைத் துவைத்து நீலம் போட்டு மடித்தும் கொடுத்தாள்.

கோயில் அரசமரத்தடியில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நாட்டாமை ராஜாங்கம் நடுவில் நாற்காலியில். திருவிழாப் பேச்சு முடிந்ததும் தெய்வசிகாமணி எழுந்தார். டீவியில் கேட்ட கட்டைக்குரலை வரவழைத்துக்கொண்டார். உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டார். நேரம் வந்துவிட்டது என்றார். வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையைச் சொல்லும்போது தன் ராத்திரிச் சோறு ஞாபகம் வந்து கண்கூடக் கலங்கிவிட்டது. கூட்டம் தலையாட்டியது. பாதிப் பேர் அந்த விளம்பரத்தைப் பார்த்துப் பயந்தவர்கள். மீதிப் பேர் பயந்தவர்களைப் பார்த்துப் பயந்தவர்கள்.

ராஜாங்கம் கனைத்தார். "நல்ல பேச்சு. ஆனா யாரு வெளியாளுன்னு டீவிக்காரன் சொல்லல. நம்ம ஊருக்குன்னு ஒரு அளவு இருக்குது. தலைக்கட்டு. தலைக்கட்டுல இருக்கறவன் ஊராளு. இல்லாதவன் வெளியாளு. சரிதான?"

சரிதான் என்றது ஊர். தெய்வசிகாமணியின் தலையும் ஆடியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றது.

கோயில் வரி தலைக்கட்டுப்படிதான். கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளையும் தான் பிறந்த ஊரில் ஒரு தலைக்கட்டு. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனை, பிறந்த ஊரில் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். போன ஊரில் சேர்க்க மாட்டார்கள். அம்சவள்ளி ஒரே மகள். இவர் அப்படி வந்தவர். மாமனார் சுப்புராயன் செத்து எலும்பெல்லாம் மக்கிய பிறகும் அந்த வீட்டு வரி 'சுப்புராயன் தலைக்கட்டு' என்றுதான் கூப்பிடப்படும். செத்த மாமனார் ஊராள். வரியைக் கொண்டுபோய்க் கட்டுகிற மருமகன் கணக்கிலேயே இல்லை. இந்த மனக்குறை அவருக்கு எப்போதும் உண்டு. இன்றைக்குத்தான் அது பயமாக மாறியது.

பெண்கள் பக்கத்தில் சேலை சரசரத்தது. அம்சவள்ளி எழுந்து நின்றாள்.

"ஊருக்கு ஒரு வார்த்தை. எங்கப்பன் தலைக்கட்டுக்கு இப்ப நான்தான் பதில் சொல்லணும். ஊரு எடுக்கற முடிவுக்குக் கட்டுப்படறேன். எங்க வூட்ல வெளியாளுங்க மொத்தம் மூணு பேரு. ரெண்டு பேரு ஒடிசா. போன வருசம் வந்தாங்க. இன்னொருத்தரு களமருதூரு. அந்தக் காலத்துப் போராட்டத்துல ரோட்டுல மரம் வெட்டிப் போட்டாங்களே, அந்த வருசம் பஸ்ஸு இல்லாம தோள்ல மூட்டையோட நடந்தே வந்தாரு. யார மொதல்ல அனுப்பறதுன்னு ஊரே சொல்லட்டும்."

யாராவது சிரித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிழவர்கள் சிலர், ஆமாம் ஆமாம், கால் வீங்கி வந்து நின்றாரே என்று ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். தெய்வசிகாமணிக்குக் காதில் அந்த மேளம் கேட்டது. நீண்ட ரோடு தெரிந்தது. மூட்டையோடு நடந்து வந்தவன் முதல் தடவையாகத் திரும்பி முகத்தைக் காட்டினான். மீசை கறுப்பாக இருந்தது. மற்றபடி தெரிந்த முகம்தான்.

"வந்த வரிசையிலதான போவணும்" என்றார் ராஜாங்கம், ரொம்ப யோசித்துவிட்டு. "மொதல்ல வந்தவரு மொதல்ல."

களமருதூருக்குப் போனால் கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். முறைத்தண்ணீரைத் திருப்பியவன் குடிக்கத் தண்ணீர் தருவானா? நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய நாக்கைப் பிய்த்து எடுத்து அவர் பேச ஆரம்பித்தார்.

பேசினார் பாருங்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை என்றார். சொந்த ஊரில் வழி இருந்தால் எவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பான் என்றார். வந்த இடத்தில் வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் உழைக்கிறார்கள், யார் தட்டிலிருந்தும் பிடுங்கித் தின்னவில்லை என்றார். சுதாம் மாதிரி ஒரு தங்கமான பையன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்றார். டீவிக்காரன் கிடக்கிறான், அவனுக்கு என்ன தெரியும் நம் ஊர் விவகாரம் என்றும் கேட்டார்.

ராஜாங்கம் இதையும் நல்ல பேச்சு என்றார். பிறகு, ஊர்த் தலைக்கட்டு ஒன்று பொறுப்பு ஏற்றுக்கொண்டால் வெளியாள் இருக்கலாம், அதுவும் பழைய வழக்கம்தான் என்று சொல்லிவிட்டு அம்சவள்ளியைப் பார்த்தார்.

அம்சவள்ளி சந்தையில் சொத்தைக் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது போலப் புருஷனைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவர் கோயிலில் இருந்த அத்தனை சாமிக்கும் வேண்டிக்கொண்டார். வெளியே காவல் நிற்கும் மண்குதிரைக்கும் வேண்டிக்கொண்டார்.

"பொறுப்பு ஏத்துக்கறேன்" என்றாள். "மூணு பேருக்கும். ஒடிசாக்காரங்க மேல எந்தப் பிராதும் இல்ல. களமருதூருக்காரரு மட்டும் செருப்பக் கோழிக்கூடையில ஒளிக்கறாரு. இனிமே செய்ய மாட்டாருன்னு நம்பறேன்."

அப்போதுதான் ஊர் சிரித்தது. அரசமரத்துக் காக்காய்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ராஜாங்கம் அம்சவள்ளிக்குப் பெரியப்பா மகன் முறை என்பது வீடு திரும்பும் பாதி வழியில்தான் தெய்வசிகாமணிக்கு ஞாபகம் வந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். சுதாமின் செருப்பு, மினதியின் செருப்பு, இப்போது அவருடையது. மூன்று ஜோடியும் ஒரே வரிசையில் கிடந்தன. அம்சவள்ளியின் செருப்பு மட்டும் வாசற்படிக்கு உள்ளே இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்தது. ஒரே வரிசைக்காரர்களோடு சமாதானம் ஆகிவிடலாம் என்று பின்கட்டுக்குப் போனார். சுதாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் சோறு. குன்று மாதிரி சோறு. ஆவி பறந்தது. தன் வயல் பொன்னியின் வாசனை அவருக்குத் தெரியாதா? பக்கத்தில் இருந்த குண்டானின் விளிம்பில் நெளிசல் வேறு. அவர் வீட்டுக் குண்டான்தான்.

"நீ சப்பாத்தி துன்னல?"

சுதாம் கூச்சத்தோடு சிரித்தான். "நம்ம ஊரு சோறு அய்யா. காலையில சோறு, ராத்திரி சோறு. சப்பாத்தி நமக்கு சேராது. அம்மா ஆக்கி குடுக்குது."

"அப்போ சப்பாத்தி யாரு கத்துக்குடுத்தது?"

மினதி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மாதான் நம்மளுக்கு கத்துக்குடுத்துச்சு அய்யா. நமக்கு வட்டமா வரல."

ஆக, அம்சவள்ளி ராத்திரி உலையை நிறுத்தவே இல்லை. சோறு மட்டும் பின்பக்கமாகப் போயிருக்கிறது.

சமையற்கட்டுக்கு வந்தார். அம்சவள்ளி கல்லில் சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். டீவியில் அந்தக் குரல் உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் ஒன்று கேட்டுவிட்டார்.

"ஏண்டி அம்சா, அவங்களும் வெளியாளு, நானும் வெளியாளு. அவங்களுக்குச் சோறு, எனக்குச் சப்பாத்தியா?"

அம்சவள்ளி திரும்பிப் பார்க்காமல் சப்பாத்தியை அவர் தட்டில் போட்டாள்.

"அவங்க வாடகை குடுக்கறாங்க இல்ல?"