ஆறு ஸ்டாம்புகளுக்குப் பல் வைத்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காரியத்தைச் செய்தது நான்தான். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, இனியும் கேட்பதாக இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அமீரகத்தில், அல் ஐன் நகரில் இருந்தோம். கணவர் இன்ஜினியர். வெள்ளிக்கிழமையானால் மற்ற ஆண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இவர் ஸ்டாம்பை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். (என்னை அப்படிப் பார்த்ததாக நினைவில்லை.) அவர் உயிரே ஆறு பழைய ஆஸ்திரிய ஸ்டாம்புகளில் இருந்தது. செய்தித்தாளைத் தபாலில் அனுப்புவதற்கென்றே அச்சடித்தவை. இரண்டு வருஷம் யார்யாருக்கோ கடிதம் எழுதிச் சேர்த்தார். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் தபால்தலைக் கண்காட்சி என்றதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜெயித்தால் அபுதாபி கண்காட்சிக்கு அனுப்புவார்களாம்.

அன்று காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது, "சுதா, அந்த ஸ்டாம்ப் ஷீட்டு ஓரம் கோணலா இருக்குது. வெட்டிச் சரி பண்ணி சங்கத்து ஹாலுக்குக் கொண்டாந்துரு" என்றார். அவர் சொன்னது ஸ்டாம்புகளைச் செருகி வைத்திருந்த அட்டையை. நான் பார்த்தது ஸ்டாம்பை.

மற்ற ஸ்டாம்புகளெல்லாம் ஓரத்தில் வரிசைப் பல்லோடு இருக்க, இவை ஆறும் பொக்கை. எவனோ ஏமாற்றிவிட்டான், பாவம் மனுஷன் என்று மனம் இளகியது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொண்டிருந்தவள் நான். துணி ஓரம் பிரியாமலிருக்க வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியை எடுத்தேன். ஒவ்வொன்றாக உருவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெட்டி, மறுபடி அட்டையில் செருகினேன். ஆறுக்கும் பல் வந்தது, அழகாகவே வந்தது.

சாயங்காலம் நடுவர் பூதக்கண்ணாடியை வைத்தவர் எடுக்கவேயில்லை. அட்டையில் கணவரின் முத்து முத்தான எழுத்தில், 'இவற்றின் சிறப்பு: ஓரத்தில் பற்கள் கிடையாது' என்றிருந்தது. (படித்திருக்கலாம். அவசரம்.) அதற்கு மேலே ஆறும் இளித்துக் கொண்டிருந்தன.

"யாருங்க இதுக்குப் பல் வெச்சது?"

கணவர் முகம் வெளுத்தது. "நான்தான்" என்றேன்.

"அம்மா, பேப்பருக்கு அப்ப தபால் கட்டணம் கம்மி. தினம் ஆயிரக்கணக்குல அனுப்பணும். பிரஸ்காரங்க இதைத் தாள் தாளா வாங்கி, அவங்களே கத்தரியால வெட்டி ஒட்டுவாங்க. பல்லு எதுக்கு? படிச்சவங்க பேப்பரோட தூக்கிப் போட்டுருவாங்க. தப்பிச்சதே கொஞ்சம். அதுல ஆறை நீங்க..."

ஹாலே என்னைப் பார்த்தது. அழுதிருக்க வேண்டும், எனக்கோ கோபம் வந்தது.

"அவங்க கத்தரியில வெட்டினா சரித்திரம், நான் வெட்டினா தப்புங்களா?"

நடுவர் பூதக்கண்ணாடியோடு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார். எங்களுக்குப் பரிசு இல்லை. கணவர் அட்டையைக் காரின் பின் சீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அது மட்டும் எனக்கு வலித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அட்டையை அவர் தூக்கிப் போடவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார். எங்கள் மகள் தன் சர்டிபிகேட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லி நீட்டும்போதுகூட, "அம்மா, நோ பல் ப்ளீஸ்" என்பாள்.

அவளுக்குக் கல்யாணமான மறுவாரம் கணவர் மாப்பிள்ளையிடமும் காட்டினார். "உங்க அத்தை கைவேலை, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை மரியாதையாக, "பல் இல்லாம இருந்தா ரொம்ப அபூர்வமுங்களா மாமா?" என்றார்.

நான் சமையலறையிலிருந்தே சொன்னேன்: "பல் இல்லாதது தேடினா இன்னும் கிடைக்குமுங்க மாப்பிள்ளை. பல்லோட இருக்கறது உலகத்துலயே இந்த வீட்ல மட்டுந்தான்."