ரெண்டு கயிறு மாப்பிள்ளை

கெட்ட பழக்கத்தை மறைக்கப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இல்லாத கெட்ட பழக்கத்தை இருக்கிறது என்று சொல்லி மாட்டிக்கொண்டவன், விழுப்புரம் திண்டிவனம் வட்டாரத்தில், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் சாயப்பட்டறை, மங்களூரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை என்று வருடங்கள் ஓடின. ஓர் ஊரில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். இடம் இல்லாத நாட்களில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். சோறு இல்லாத நாட்களில் சீக்கிரமே படுத்திருக்கிறேன். கூட வேலை பார்த்தவர்கள் குடித்தார்கள், ஊதினார்கள். நான் இரண்டையும் தொட்டதில்லை. கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் எந்தக் காசு வந்தாலும் பசி முந்திக்கொண்டு வாங்கிப் போய்விடும்.

கடைசியில் திண்டிவனத்துக்கு வந்து ஒரு மினி லாரிக்கு டிரைவர் ஆனேன். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் பனமலைப் பக்கத்துக் கிராமங்களில் மூட்டை ஏற்றி, விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் ஏலத்துக்கு இறக்குவது வேலை. மூட்டைக்காரர்களில் ஒருவர் கண்ணுசாமி. அவர் மகள் மலர் விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மூட்டை ஏற்றுகிற நாட்களில் அப்பாவோடு முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். விடிந்தும் விடியாத நேரம். ஏரியிலிருந்து பனி எழுந்து ரோட்டில் படுத்திருக்கும். அதற்குள் லாரியை விடும்போது வண்டி தரையில் போவதாகவே தோன்றாது. ஒருநாள் அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாவே போங்க. சீக்கிரமா போயி இன்னா பண்ணப் போறேன்" என்றாள். மறுநாளிலிருந்து என்னை சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள்.

இப்படி மெதுவாகப் போய்ப் போய் விஷயம் அவள் வீடு வரைக்கும் போய்விட்டது. அவளேதான் வீட்டில் சொன்னாள். வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆள் வந்தது.

மலர் அம்மா இல்லாத பெண். அப்பா கண்ணுசாமியும் தாய்மாமன் ஏழுமலையும் ஒரே வீட்டில் இருந்து வளர்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே கேப்பைக்கூழைக் குடித்து, ஒரே மோட்டார் கொட்டகையில் படுத்து, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஜென்மப் பகையாளிகள். கண்ணுசாமி சாயங்காலமானால் பிராந்தி போடுவார், பீடியைக் கண்டால் ஆகாது. ஏழுமலை கட்டுக் கட்டாகப் பீடி குடிப்பார், சாராய வாடை பட்டால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எது உடம்பைக் கெடுக்கும் என்பதுதான் சண்டை.

"தண்ணி உள்ள போனா கரைஞ்சி வெளிய போயிடும் மச்சான். பொகை அப்படியா? அடுப்படி ஓடு கணக்கா நெஞ்சில கரி புடிச்சிக்கினு ஒக்காந்துக்கும்" என்பார் கண்ணுசாமி.

"பொகை வந்த வழியா வெளிய பூடுது மாமா. உன் தண்ணி தான் ஈரல்ல போயி குடும்பம் நடத்துது" என்பார் ஏழுமலை.

சொந்தத்தில் யார் செத்தாலும் அந்தச் சாவை எந்தக் கட்சிக் கணக்கில் சேர்ப்பது என்று சுடுகாட்டிலேயே தகராறு நடக்கும். பாம்பு கடித்துச் செத்துப்போன ஒரு பங்காளியைக்கூட அவர்கள் விடவில்லை. போதையில் போய் மிதித்தான் என்றார் மச்சான். இல்லை, விழுந்த பீடியை எடுக்கக் குனிந்தான் என்றார் மாமா. (பாம்பின் கருத்தை யாரும் கேட்கவில்லை.)

நான் போன அன்று காபி குடித்ததும் கண்ணுசாமி என்னைத் தனியாக வைக்கோல் போர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. ஊர் ஊராகச் சுற்றினவன், லாரிக்காரன், ஒன்றுமே இல்லை என்றால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான், பொய் சொல்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றார். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் மலர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்பனா... கொஞ்சம்... தண்ணி" என்றேன்.

அவர் என் தோளில் கை போட்டார். உண்மை பேசுகிற பிள்ளை என்றார். பீடி மட்டும் தொட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார். அதே கேள்வி, அதே இறுகின முகம். நான்தான் பாடம் படித்துவிட்டேனே. "எப்பனா... ஒரு பீடி" என்றேன். அவரும் தோளில் கை போட்டார்.

பூ வைக்க நாள் குறித்தாயிற்று. திண்டிவனம் திரும்பும்போது இரண்டு பக்கத்தையும் ஜெயித்துவிட்ட ராஜா மாதிரி லாரி ஓட்டினேன். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள், சாப்பிடும்போது பேசுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் புத்தி அவ்வளவுதான்.

பூ வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் ஏரிக்கரைக்கு வரச் சொன்னார்கள். புளியமர நிழலில் துண்டை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எனக்கு இடம். கண்ணுசாமி மடியிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்து வைத்தார். ஏழுமலை ஒரு பீடிக்கட்டை எடுத்து வைத்தார்.

"மாப்ள நம்ம கட்சின்னு இவுரு சொல்லிக்கினு திரியறாரு. நீ யாரு கட்சி, இப்பவே காட்டிடு" என்றார் ஏழுமலை.

ஒன்றைத் தொட்டால் மற்றவரிடம் சொன்னது பொய்யாகிவிடும். இரண்டையும் தள்ளினால் இரண்டும் பொய். பொய்யனுக்குப் பெண் இல்லை. வேறு வழி தெரியவில்லை. "மாமா, நான் ரெண்டு கட்சியும்" என்றேன். (மாமா என்று கூப்பிட்டதும் இரண்டு பேரும் திரும்பினார்கள்.)

முதலில் பிராந்தி. அதில் தண்ணீர் கலக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. டம்ளரில் ஊற்றியதைக் கஷாயம் குடிப்பதுபோல் மூச்சுப் பிடித்து ஒரே மடக்கில் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கண்ணுசாமி பயபக்தியோடு, "ராவாவே அடிக்கிறான்பா" என்றார்.

அடுத்தது பீடி. நூல் கட்டியிருக்கிற பக்கம் வாய்க்கு என்பதும் எனக்குத் தெரியாது. நூலைப் பற்றவைத்தேன். ஏழுமலை உற்றுப் பார்த்தார். "இன்னா மாப்ள, நூலு பக்கம் கொளுத்திக்கினு கீற?"

"சூரத்துல இப்படித்தான் மாமா" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியும் இருக்கும் என்று தலையாட்டினார். நான் நன்றாக உள்ளே இழுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எதிரே பனமலை மெல்லத் தரையை விட்டு எழுந்தது. உச்சியில் இருக்கிற கோயிலோடு அப்படியே மிதந்து வந்து ஏரி நடுவில் இறங்கியது. தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை. கொக்குகள் பறப்பதை நிறுத்திவிட்டு வானத்தில் நின்றன. ஒரு மேகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, மல்லாட்டை வறுத்த வாசனையோடு போனது. உடம்பு எங்கே முடிகிறது, ஏரிக்கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இத்தனை ஊர் சுற்றியும் எந்த ஊரிலும் அப்படி ஓர் இடத்துக்கு நான் போனதில்லை. பிறகு ஏரி வழவழப்பான தார் ரோடாக மாறியது. அதன் மேல் என் லாரி தானாகவே போனது. ரோட்டோரத்தில் மலர் நின்றாள், கையில் தூக்குச்சட்டியோடு.

அவள் நிஜமாகவே நின்றாளாம். எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். நான் எழுந்து, புளியமரத்தைப் பஸ் படிக்கம்பி மாதிரி ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "திண்டிவனம், திண்டிவனம், திண்டிவனம், நிக்காத ஏறு" என்று கூவியிருக்கிறேன். அவள் ஏறவில்லை. நான் திரும்பி, நாளைக்குப் பூ வைப்பதற்காகச் சலவை செய்து இன்றைக்கே கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுசாமியின் வெள்ளை வேட்டியில் வாந்தி எடுத்தேன்.

கண் இருட்டிக்கொண்டு கீழே கிடந்தேன். காது மட்டும் வேலை செய்தது. மேலே, வெகு தூரத்தில், இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது பீடி வாந்தி" என்றார் கண்ணுசாமி.

"பிராந்தி வாந்தி மாமா இது. வாடையே சொல்லுது."

"தண்ணி போட்டு நல்லாத்தானே ஒக்காந்துக்கினு இருந்தான். நீ குடுத்த பொகை உள்ள போனப்பறம் தானே சாஞ்சான்?"

"பொகையில சாஞ்சவன் இருமுவான். இவன் இருமினானா?"

அப்போதுகூட ஒருவரும் என்னைத் தூக்கவில்லை. ஆயுசு முழுக்க நடந்த வழக்குக்கு முதல் தடவையாக உயிரோடு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது, அதை யார் கலைப்பார்கள்? மலர்தான் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

கரையிலேயே ஒரு முனீஸ்வரன் கோயில் இருந்தது. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டி, இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். கெடு முடிவதற்குள் தொட்டால் சாமி கேட்கும். மாப்பிள்ளை இந்த நிலைமையில் இருந்தால் ஊர் சிரிக்கும் என்று இரண்டு பேரும் என்னை அங்கே இழுத்துப்போனார்கள். அந்த ஒன்றில் ஒற்றுமை. எதற்குக் கயிறு என்று பூசாரி கேட்டதும் அது போய்விட்டது. பீடிக்கு என்றார் ஒருவர், தண்ணிக்கு என்றார் மற்றவர். பூசாரி காதில் செருகியிருந்த பீடியை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு கயிறு கட்டினார். ஆறு மாதக் கெடு. விலங்கு மாட்டின கைதிபோல் படியில் உட்கார்ந்தேன்.

மலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மோர் கொடுத்தாள்.

"நெசமா சொல்லுங்க. ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்ல."

"எப்பத்துலேந்து இல்ல?"

"பொறந்ததுலேந்து."

அவள் என் வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். சிரித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். எழுந்து நேராக அந்த இரண்டு பேரிடம் போனாள்.

"அப்பா, நாளைக்குப் பூ வைக்க வேணாம்."

மிதந்துகொண்டிருந்த மலை அப்போதுதான் தரையில் உட்கார்ந்தது. எனக்குப் போதை முழுக்கத் தெளிந்துவிட்டது. எழுந்து போய் லாரியை எடுத்துக்கொண்டு இன்னொரு மாநிலத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கால் எழவில்லை.

"இவரு இல்லாத பழக்கத்துக்கு ரெண்டு கயிறு கட்டிக்கினு ஒக்காந்துக்கினு கீறாரு. இருக்கற நீங்க ரெண்டு பேரும் வெறுங்கையா நிக்கிறீங்க" என்றாள். பிறகு அப்பா ஈரலுக்கு மாத்திரை வாங்குவதை மாமாவிடம் சொன்னாள், மாமா நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்குவதை அப்பாவிடம் சொன்னாள். மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று இருவரும் தனித்தனியாக அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்களாம். "எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேரு. எது மொதல்ல ஆளைக் கொண்டுபோவுதுன்னு நீங்க பந்தயம் கட்டிக்கினு கீறீங்க. நீங்களும் கட்டினா நாளைக்குப் பூ. இல்லன்னா நான் கடைக்குப் போறேன், இவரு லாரி ஓட்டட்டும்."

கண்ணுசாமி மச்சானைப் பார்த்து, "இருமலுக்கு மருந்து சாப்பிடறியா? சொல்லவே இல்லையேடா" என்றார். ஏழுமலை குனிந்தார். மாமா வேட்டியில் இருந்ததைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

அவன் முதலில் கட்டட்டும், இவர் முதலில் கட்டட்டும் என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. பூசாரி இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் முடிச்சுப் போட்டார்.

என் கயிறுகளை அவிழ்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். கட்டினது கட்டினதுதான், கெடு முடியட்டும். கல்யாணப் போட்டோவில் பட்டுச் சட்டைக்குக் கீழே இரண்டு கையிலும் கயிறு பளிச்சென்று தெரிகிறது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மலரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஊரில் குடியை விட நினைத்தவர்கள் அனுபவசாலி என்று என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். நானும் சொன்னேன். (ஓர் ஆள் விட்டும்விட்டார்.) இன்றைக்கும் அந்த ஊரில் என் பெயர் தெரியாதவர்களுக்கு ரெண்டு கயிறு மாப்பிள்ளை என்றால் தெரியும்.

ஆறு மாதம் முடிந்தது. மாமனும் மச்சானும் கயிற்றை அவிழ்க்கவில்லை. முதலில் அவிழ்க்கிறவன் தோற்றவன் என்று இருவருக்கும் ஒரு கணக்கு. போலீஸ்காரன்கூட அப்படிக் காவல் காக்க மாட்டான். ஒருவர் வாயை ஒருவர் மோந்து பார்த்துத்தான் இன்றைக்கும் சாப்பிட உட்காருகிறார்கள்.

நானும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. கால் இப்போதும் அரிக்கும், லாரியில் திண்டிவனம் போய்த் திரும்பினால் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் யார் வாந்தி எடுத்தாலும், பஸ்ஸில் ஒத்துக்கொள்ளாத சின்னப் பிள்ளையாக இருந்தாலும், முதல் கேள்வி "பீடியா, பிராந்தியா?" என்பதுதான். கல்யாணம் ஆன வருஷம் ஒருநாள் காலையில் மலர் கிணற்றடிக்கு ஓடினாள். இரண்டு கிழவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். ஏழுமலை வழக்கம்போல, "பீடியா, பிராந்தியா?" என்று கேட்டார்.

கண்ணுசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வாட்டி ரெண்டும் இல்ல மச்சான். மாப்ள."

அவர்கள் இருவரும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே வாந்தி அதுதான்.