சுனைப் பூதமும் ஆரணிச் சம்பந்தமும்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய மச்சான் புகழேந்தி அவர்களுக்கு, முருகையன் எழுதுவது. இங்கு அனைவரும் உடம்பளவில் நலம். தாங்களும் அக்காவும் நலமாயிருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். மகள் ஓவியாவுக்குத் தாங்கள் பார்த்துக்கொடுத்த ஆரணி இடம் கைநழுவிவிட்டது. என்னால்தான் என்று தங்கள் தங்கை தனம் போனில் சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓவியாவின் வேலை தங்களுக்குத் தெரியும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டுக்கு அவள் சாகசப் புத்தகம் எழுதுகிறாள். புதிய புத்தகத்தை அச்சுக்கு அனுப்புமுன், அதை முன்பின் பார்க்காத ஒருவர் படித்து விளையாட்டை நடத்தவேண்டும், எழுதியவள் வாய் திறக்கக்கூடாது என்பது பதிப்பகத்தார் நிபந்தனை. நடத்துவதற்கு என்னைப் பிடித்தாள். விளையாட வரவேண்டிய சிநேகிதிகள் ரமணாசிரமம் பக்கம் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை செழியன், "நாங்க ஆடறோம் அங்கிள்" என்றார். அவர் தாயார் திரௌபதி அம்மாளும் பஜ்ஜித் தட்டோடு மேசைக்கு வந்துவிட்டார். தனத்துக்கு வில்லாளி வேஷம், மாப்பிள்ளைக்குத் திருடன், அம்மாளுக்கு வைத்தியச்சி.

கதை என்னவென்றால், ஒரு குகைக்குள் பூதம் ஒன்று ஊருக்கு வரும் சுனையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை அடித்து விரட்டவேண்டும். திரௌபதி அம்மாள் அடிக்க மறுத்துவிட்டு, பூதத்தின் எதிரில் உட்கார்ந்து, "எதுக்குப்பா தண்ணிய அடச்சிகினு உக்காந்துனுகிற?" என்று, பூதத்துக்கும் சேர்த்துப் பேசவேண்டிய என்னைப் பார்த்துக் கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். பதில் இல்லை. ஓவியா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். தாலுகா ஆபீசில் இருந்தவரை கோப்பில் இல்லாததை நான் சொன்னதில்லை. ஆகவே, "பூதம் ஒண்ணும் சொல்லலங்க" என்றேன்.

"சொல்ற வரிக்கும் இங்கியே இருக்கேன்" என்றார் அம்மாள். அதற்குள் மாப்பிள்ளை, பூதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குகைக்கு வெளியே பின்பக்கமாகப் போய் அடைப்பை உடைப்பதாகச் சொல்லிப் பகடையை உருட்டினார். ஜெயித்துவிட்டார். அடைப்பு உடைந்தால் குகைக்குள் இருப்பவரை வெள்ளம் கொண்டுபோகும் என்று புத்தகத்தில் இருந்தது. தனம் என் காலை மிதித்தாள். நான் முழுவதும் உரக்கப் படித்தேன்.

"அம்மா உள்ள இருக்காங்க தம்பி."

"தெரியும் அங்கிள். ஊருக்குத் தண்ணி வருதில்ல."

திரௌபதி அம்மாள் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "டேய், என்னை வுட்டுட்டியா?"

"ஆட்டம்தாம்மா."

"ஆட்டத்துலயே வுட்டவன் வூட்ல வுடமாட்டியா?"

கோபித்துக்கொண்டு கிளம்பவும் அவர்களால் முடியவில்லை. பௌர்ணமிக்காக ரோட்டை மறித்திருந்தார்கள். அம்மாள் உள்ளறையிலும் மகன் மாடியிலுமாக விடியும்வரை இருந்து, பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே காரில் போனார்கள்.

"கல்யாணம் போச்சேம்மா" என்றேன் ஓவியாவிடம். "இருப்பா. பூதம் ஏன் உக்காந்துருக்குன்னே நான் எழுதல. இப்படியே அச்சாச்சுன்னா, புக் வாங்குறவன் எவனோ ஒருத்தன் இந்த இடத்துல உன்ன மாதிரிதான் முழிப்பான்" என்றாள். ஒரு வருட உழைப்பு ஒரே கேள்வியில் சரிந்ததற்கு அவள் அழுவாள் என்று பயந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்கு ஜாஸ்தி கவலை.

ஆகவே மச்சான், பெற்றவளைத் தண்ணீரில் விட்ட பையன் நமக்கு வேண்டாம் என்று ஆரணியில் பக்குவமாகச் சொல்லிவிடவும். வேறு இடம் இருந்தால், விளையாட்டில் ஆர்வம் கம்மியான குடும்பமாகப் பார்க்கவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் எல்லா வளமும் பெறட்டும்.

இப்படிக்கு,
முருகையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் சமயம் திரௌபதி அம்மாள் போன் செய்தார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. பையனத்தான் நீங்க நல்லா விசாரிச்சிக்கணும்" என்றார். ஓவியாவிடம் சொன்னேன். "விசாரிச்சாச்சுப்பா. நீங்கல்லாம் என் மனசு கோணக்கூடாதுன்னு ஆடுவீங்க. பெத்த அம்மாவே எதிர்ல இருந்தும் அவரு ஒருத்தர்தான் ஆட்டத்த ஆட்டமா ஆடினாரு. சரின்னு சொல்லிடு" என்றாள். எனவே மேற்கண்டதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற அக்காவோடு வந்துசேரவும்.