மூக்கு நுனியில் ஒரு நூல்

திருத்தணி,
திங்கட்கிழமை மாலை.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் மரியாதைக்குரிய பாவா சுந்தரமூர்த்தி அவர்களுக்கு, மைத்துனன் கஜபதி வணங்கி எழுதுவது. இங்கு தங்கள் தங்கை பத்மா நலம். என் கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு பத்மாவும் நலம்.

கிட்டத்தில் இருப்பதெல்லாம் எனக்கு இரண்டாகத் தெரிவது தாங்கள் அறிந்ததே. இல்லாத ஊசியின் காதில் நூலைக் கோத்துக் கோத்து, கடைசியில் ஜெபரத்தினம் வாத்தியாரின் சட்டைப் பையை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். இனி தையல் கடை அவ்வளவுதான் என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்தவனை, பத்மாதான் அரக்கோணத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே கண் தசைக்குப் பயிற்சி கொடுக்கும் மெஹ்னாஸ் என்ற பெண், பாசிமணி கோத்த நூல் ஒன்றைத் தந்து, "இந்த நுனிய மூக்குல வெச்சிக்குங்க, அந்த நுனிய இந்த அம்மா புடிச்சிக்கட்டும். மணியப் பாத்தா நூல் ரெண்டாத் தெரியும், ரெண்டும் மணிகிட்டதான் வந்து சேரணும்" என்றாள். தினமும் பத்மாவின் மேற்பார்வையில் செய்ய வேண்டுமாம்.

செய்கிறோம் பாவா, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து. எதிர்வீட்டு முஸ்தஃபா, "இன்னா கஜபதி, மூக்கணாங்கயிறு போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். பத்மா விடுவதாயில்லை. "தூங்கிகினு இருக்காதீங்க, செவப்பு மணியப் பாருங்க." பார்க்கிறேன். மணி இரண்டாகி மிதக்கிறது. மலைக்கோயிலில் விளக்குப் போடுகிறார்கள். மணிக்குப் பின்னால் பத்மாவின் முகம் குளத்துத் தண்ணீரில் விழுந்தாற்போல விலகுகிறது, நெருங்குகிறது, மெல்ல ஒன்றாகிறது. தையல்காரன் எப்போதும் குனிந்தே கிடப்பவன். அவள் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு.

"இது எப்போ ஆச்சு?" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே. மணியப் பாருங்க."

ஆனாலும் மனிதன் எத்தனை நாள் மூக்கில் நூலோடு உட்காருவான்? எப்போது கடை திறப்பான்? ஆகவே தாங்கள் வரும் ஞாயிறு தவறாமல் வந்து, "போதும், விடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கள் பேச்சுக்குத்தான் அவள் கட்டுப்படுவாள்.

அனுசுயா அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் தறியில் இழை அறாமல் ஓடட்டும்.

கஜபதி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள், இன்று செவ்வாய்க்கிழமை, நான் மட்டும் அரக்கோணம் போய் வந்தேன். மெஹ்னாஸ் சோதித்துப் பார்த்து, "ரெண்டு கண்ணும் நல்லா சேந்துடுச்சுங்க, இனிமே நூல் வாணாம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தால், பத்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, நூலோடு வாசலில் காத்திருக்கிறாள்.

"இன்னா சொன்னாங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் செய்யணுமாம்" என்றேன்.

தாங்கள் ஞாயிறு வர வேண்டாம்.